புல்வெட்டும் வண்டியின் எஞ்சின் மக்கர் செய்தால்: அறிகுறிவாரியாகப் பழுது பார்க்கும் முறை

கோடை மழை இரண்டு முறை நன்றாகப் பெய்துவிட்டால் போதும், காவேரிப்பட்டணம், சந்தூர், பர்கூர் பக்கத்து மாந்தோப்புகளில் மரத்தடிப் புல் முழங்காலைத் தொட்டுவிடும். மாங்காய் பறிக்க ஆட்கள் இறங்கும் காலமும் அதுதான். உதிர்ந்த காய் கண்ணில் படவேண்டும், புல்லுக்குள் பாம்பு கிடந்தால் தெரியவேண்டும். ஓசூர் சிப்காட் ஆலைகளின் புல்வெளிகளிலும் தருமபுரிப் பக்கத்துக் கல்லூரித் திடல்களிலும் அதே நாட்களில்தான் புல் வெட்டச் சொல்லி நெருக்குவார்கள். மார்கழியில் கொட்டகைக்குள் நிறுத்திய வண்டியை அப்போதுதான் வெளியே தள்ளுவார்கள். சாவியைத் திருப்பினால் அது கிளம்பாது.

அடுத்து நடப்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். யாரோ ஒருவர் "கார்புரேட்டர் போய்விட்டது" என்பார். பெங்களூருக்கு ஆள் அனுப்பிப் புதியது வாங்குவார்கள். அதை மாட்டியும் வண்டி ஓடாது. பிறகு பேட்டரி, பிறகு பிளக், பிறகு காயில் (பொறியை உண்டாக்கும் மின்சுருள்). பறிப்பே முடிந்துபோகும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழுது எங்கே என்று உறுதியாகும் வரை எந்த உதிரிப் பாகத்தையும் வாங்காதீர்கள். எஞ்சின் எப்படி நிற்கிறது, எப்படிச் சத்தம் போடுகிறது, எந்த நிறத்தில் புகைகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உட்கார்ந்து ஓட்டும் பெட்ரோல் வண்டிகளுக்காக இதை எழுதுகிறேன். இவற்றில் ப்ரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், கோலர், கவாசாகி ஆகிய நிறுவனங்களின் எஞ்சின்களே அதிகம். காற்றில் குளிரும் எஞ்சின், 12 வோல்ட் பேட்டரி, எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் என்பதுதான் பொதுவான அமைப்பு. இரண்டு சிலிண்டர் எஞ்சினுக்கும் அடிப்படை இதேதான்.

கை வைக்கும் முன்

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். கை பிரேக் போடுங்கள். கத்தியின் இயக்கத்தை நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றிப் பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கிவையுங்கள். எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கவேண்டிய சோதனைக்கு மட்டும் அதைத் திரும்ப மாட்டலாம், அப்போது கத்தியின் பக்கம் யாரும் நிற்கக்கூடாது. பெட்ரோல் வேலையை வெளிக்காற்றில், எஞ்சின் ஆறிய பிறகு மட்டுமே செய்யவேண்டும். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

மல்டிமீட்டர், பிளக் ஸ்பேனர், மெல்லிய இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், பெட்ரோலை வடிக்க ஒரு கண்ணாடிப் பாட்டில் ஆகியவை இருந்தால் கீழே உள்ள சோதனைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம்.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது ஒரு "டக்" மட்டும்

எஞ்சினுக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. மின்சுற்றில்தான் தேடவேண்டும்.

முதலில் பேட்டரி. வண்டி ஓடாமல் நிற்கும்போது இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டவேண்டும். 12.2 என்றால் பாதிதான் மீதம். 12க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் செய்யுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி சாவியைத் திருப்பும்போது 9.6க்கும் கீழே விழுந்தால், அது உள்ளுக்குள் செத்துவிட்டது. முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவித் துடைத்து இறுக்குங்கள். எர்த் வயரின் மறுமுனை சேசிஸில் எங்கே பொருந்துகிறதோ அங்கேயும் துருவைத் தேய்த்து எடுக்கவேண்டும். பலர் பேட்டரி முனையோடு நிறுத்திவிடுவார்கள். உண்மையில் எர்த் பிடிக்காமல் போவது பெரும்பாலும் அந்த மறுமுனையில்தான்.

"டக் டக் டக்" என்று விட்டுவிட்டு வேகமாக அடித்தால் பேட்டரி பலவீனம் அல்லது இணைப்பு தளர்வு. ஒரே ஒரு "டக்" கேட்டு மோட்டார் சுழலாவிட்டால் சொலினாய்டை, அதாவது பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்குத் திறந்துவிடும் காந்த ஸ்விட்சைப் பாருங்கள். அதன் இரண்டு பெரிய முனைகளிலும் மீட்டரை வையுங்கள். திருப்புவதற்கு முன் பேட்டரியின் வோல்ட் அளவு காட்டும். திருப்பியதும் அது பூஜ்யத்துக்கு அருகே இறங்கவேண்டும். இறங்காமல் 12 ஆகவே நின்றால் சொலினாய்டின் உள்தொடர்பு தேய்ந்துவிட்டது. இறங்கியும் மோட்டார் சுழலவில்லை என்றால் மோட்டார், அதற்குப் போகும் தடித்த வயர், அல்லது எர்த் ஆகியவற்றில் ஒன்று.

எந்தச் சத்தமும் இல்லையா? ஃபியூஸைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் பாதுகாப்பு ஸ்விட்சுகள். பிரேக் மிதியின் கீழே ஒன்று, கத்தியை இயக்கும் கைப்பிடியில் ஒன்று, இருக்கைக்கு அடியில் ஒன்று இருக்கும். மிதியை முழுதாக அழுத்தாமலும், கத்தி இயக்கத்தில் இருக்கும்போதும் செல்ஃப் வேலை செய்யக்கூடாது என்பதுதான் அமைப்பே. புல்தூள் அடைந்து ஸ்விட்ச் முழுதாக அமுங்காமல் போவது சகஜம். சுத்தம் செய்து, மிதிக்கும்போது அது உள்ளே போகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். கொட்டகையில் நிறுத்திய வண்டி என்றால் எலி கடித்த வயரையும் தேடுங்கள். பானட்டுக்குள் வைக்கோலும் துணிக்கிழிசலும் கிடந்தால் எலி குடியிருந்தது நிச்சயம்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். இருக்கை ஸ்விட்சின் இரண்டு வயரையும் முறுக்கி இணைத்து "இனித் தொல்லை இல்லை" என்று அனுப்பிவைக்கும் வழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. அதை ஏற்காதீர்கள். நம் தோப்புகளில் நிலம் மேடும் பள்ளமும், பாறை முட்டும் இடமும் நிறைந்தது. வண்டி சாய்ந்து ஓட்டுபவர் விழுந்தால் கத்தியை நிறுத்துவது அந்தச் சின்ன ஸ்விட்ச் ஒன்றுதான். சொலினாய்டின் இரு முனைகளையும் ஸ்குரூ டிரைவரால் தொட்டு ஸ்டார்ட் செய்வதும் இதைப் போன்றதே. அப்படிச் செய்தால் எல்லாப் பாதுகாப்பும் விலகிவிடும், கியரில் இருக்கும் வண்டி முன்னால் நிற்பவர்மீது ஏறிவிடும். புதிய ஸ்விட்சின் விலை ஒரு காலின் விலையோடு ஒப்பிடக்கூடியதே அல்ல.

அரைச் சுற்று சுற்றி "ம்ப்" என்று நின்றுவிடுகிறது

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி இதுதான். மோட்டார் எஞ்சினைக் கொஞ்சம் சுழற்றுகிறது, ஓர் இடத்தில் முட்டி நின்றுவிடுகிறது. எல்லோரும் பேட்டரியை மாற்றுவார்கள். பிறகு செல்ஃப் மோட்டாரை மாற்றுவார்கள். புதிய மோட்டாரும் அதே இடத்தில் முட்டும்.

காரணம் பல சமயம் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையே உள்ள இடைவெளி. பெரிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் முழு கம்ப்ரெஷனை எதிர்த்துச் சுழற்ற அந்தச் சிறிய மோட்டாரால் முடியாது. அதற்காகவே வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டில் ஒரு சிறு அமைப்பு வைத்திருக்கிறார்கள். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அது ஒரு வால்வை மயிரிழை அளவு திறந்துவைத்து அழுத்தத்தைக் கசியவிடும். வேகம் எடுத்ததும் தானாக ஒதுங்கிக்கொள்ளும். டேப்பெட் இடைவெளி தேய்ந்து அகலமாகிவிட்டால் அந்த மயிரிழைத் தூக்கல் வால்வை எட்டாது. அழுத்தம் முழுதாக நின்று மோட்டாரைத் தடுத்துவிடும்.

உறுதி செய்வது எளிது. பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கட்டும். பிளக்கைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள், பிளக் துளைக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். எஞ்சின் இப்போது தாராளமாகச் சுழன்றால் மோட்டாரும் பேட்டரியும் குற்றவாளிகள் இல்லை. பிளக் இல்லாமலும் திணறினால் மோட்டாரோ, உள்ளே இறுகிப்போன எஞ்சினோ காரணம். துளையிலிருந்து பெட்ரோல் பீய்ச்சி அடித்தால் அது வேறு கதை, கீழே ஆயிலைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

டேப்பெட் வைக்க எஞ்சின் முழுதாக ஆறியிருக்கவேண்டும். வால்வு மூடியைக் கழற்றி, கம்ப்ரெஷன் சுற்றில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து இன்னும் 6 மில்லிமீட்டர் கீழே இறங்கும் வரை சுழற்றுங்கள். சரியாக உச்சியிலேயே வைத்தால் மேலே சொன்ன அமைப்பு வால்வைத் தூக்கிக்கொண்டிருக்கக்கூடும், அளவு பொய்யாகிவிடும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் இடைவெளி 0.10 முதல் 0.15 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஆனால் இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்டுக்கும் அளவு மாறலாம் என்பதால் உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ள எண்ணையே வையுங்கள். வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பிப் பார்த்தால், அதே பழைய பேட்டரியில் எஞ்சின் சுழலும் வேகமே வித்தியாசமாக இருக்கும்.

நன்றாகச் சுழல்கிறது, பற்றவே இல்லை

நீண்ட நாள் நின்ற வண்டியின் வழக்கமான நோய் இது. தேடவேண்டியவை மூன்று: பெட்ரோல், நெருப்பு, காற்று. இதில் எது இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயில் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சமாகத் தெளித்து, ஃபில்டரைத் திரும்ப மூடிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் ஓரிரு விநாடி உறுமிவிட்டு அடங்கினால் நெருப்பு இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை. துளிக்கூடப் பற்றாவிட்டால் நெருப்பைத் தேடுங்கள்.

பெட்ரோலில் இருந்து தொடங்குவோம். பெட்ரோல் டாங்கில் கிடந்தால் ஒரு மாதத்துக்குப் பிறகு அதன் குணம் மாறத் தொடங்கும். எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும், மீதி பிசினாகி, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் துளையை மூடும். இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2025இல் நாட்டின் சாதாரண பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. ஆனால் ப்ரிக்ஸ், கோலர் போன்ற நிறுவனங்கள் தங்கள் எஞ்சின் கையேடுகளில் 10 சதவீதம் வரைதான் ஏற்கின்றன. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவை மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். கார்புரேட்டருக்குப் போவது அந்த அடித்தண்ணீர்தான். பழைய ரப்பர் குழாய்களை அது ஊறவைத்து மென்மையாக்கும், கார்புரேட்டரின் உலோகத்தையும் அரிக்கும்.

ஆகவே கார்புரேட்டரில் கை வைக்கும் முன் டாங்கின் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தாலோ, புளித்த வார்னிஷ் போல வாடை வந்தாலோ மொத்தத்தையும் வடித்துவிட்டுப் புதியது ஊற்றுங்கள். பழையதோடு புதியதைக் கலந்து ஒப்பேற்றவேண்டாம்.

புதிய பெட்ரோலும் உள்ளே வரவில்லை என்றால் டாங்கிலிருந்து வழியெங்கும் பார்த்துக்கொண்டே வாருங்கள். பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா? ஃபில்டருக்குள் பெட்ரோல் தெரிகிறதா? பெட்ரோல் பம்ப் உள்ள வண்டியில், எஞ்சினிலிருந்து அதற்கு வரும் வாக்யூம் குழாய் வெடித்திருக்கிறதா? அடுத்து, கார்புரேட்டரின் கிண்ணத்துக்கு அடியில் பல மாடல்களில் ஒரு வயரோடு கூடிய வேறொரு சொலினாய்டு இருக்கும். சாவியை "ஆன்" நிலைக்குக் கொண்டுவந்ததும் அது மெல்ல "டிக்" என்று ஒலிக்கவேண்டும். ஒலிக்காவிட்டால் ஜெட்டின் வாய் மூடியே இருக்கும், பெட்ரோல் போகாது. வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் ஒலிக்கவில்லை என்றால் சொலினாய்டைக் கழற்றிச் சுத்தம் செய்து சோதியுங்கள். முழுக் கார்புரேட்டரையும் மாற்றுவதற்கு இது காரணமே அல்ல.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் கார்புரேட்டரைக் கழற்றவேண்டும். கழற்றும் முன், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங், கம்பிகள் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்று செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துளை மாறினாலும் எஞ்சின் வேகம் கட்டுக்கடங்காமல் போகும். கிண்ணத்தைக் கழற்றி மெயின் ஜெட், பைலட் ஜெட் இரண்டையும் எடுத்து, கிளீனர் தெளித்து, காற்றடித்துத் துளைகளைத் திறக்கவேண்டும். துளைக்குள் இரும்புக் கம்பியை விடக்கூடாது, பித்தளை தேய்ந்து துளை பெரிதாகிவிடும். மின் வயரிலிருந்து ஒற்றைச் செப்பு இழையை உருவி, அதை மட்டும் மெதுவாக விடலாம். பைலட் ஜெட்டின் துளை கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு சிறியது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒளி வருகிறதா என்று பார்க்காமல் மூடாதீர்கள்.

நெருப்பு பக்கம் போவோம். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுப்பாக எண்ணெய்ப் பசையா, உலர்ந்த கரியா, பெட்ரோலில் நனைந்திருக்கிறதா என்பதே ஒரு செய்தி. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்பு இல்லை. இந்த எஞ்சின்கள் பலவற்றில் பிளக்கின் இடைவெளி 0.76 மில்லிமீட்டர். நெருப்பைச் சோதிக்க ஸ்பார்க் டெஸ்டர் வாங்கிவையுங்கள், விலை குறைவு. பிளக்கைத் திறந்த துளைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பொறி பார்ப்பது ஆபத்து. துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும்.

பொறி இல்லையா? காயிலைக் குற்றம் சொல்லும் முன் அதிலிருந்து சாவிக்குப் போகும் மெல்லிய வயரை மட்டும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். எஞ்சினை நிறுத்துவதற்கான வயர் அது. கழற்றியதும் பொறி வந்துவிட்டால் காயில் நலம், ஸ்விட்சிலோ வயரிலோ எங்கேயோ எர்த் அடிக்கிறது. பொறி வரவில்லை என்றால் காயிலுக்கும் மேக்னட்டுக்கும் (காந்தம் பதித்த சுழல்சக்கரம்) இடையே உள்ள இடைவெளியையும் துருவையும் பாருங்கள். சுமார் 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை இருக்கவேண்டும். அதன் பிறகும் இல்லை என்றால் மட்டுமே புதிய காயில். சோதனை முடிந்ததும் அந்த வயரை மறக்காமல் மாட்டுங்கள், இல்லாவிட்டால் சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது.

பெட்ரோலும் நெருப்பும் இருந்து, பற்றும்போது எதிர்த்து உதைக்கிறது என்றால் மேக்னட் சாவி வெட்டுப்பட்டிருக்கலாம். நெருப்பு வரும் நேரத்தை மேக்னட்டின் இருப்பிடம்தான் தீர்மானிக்கிறது. அதைத் தண்டோடு பொருத்தும் சிறிய சாவி நசுங்கினால் நேரம் தவறும். உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் கத்தி பெல்ட் வழியாகச் சுழல்வதால் கல்லில் அடித்தாலும் பெல்ட் வழுக்கிக்கொடுக்கும், சாவி வெட்டுப்படுவது அரிது. கையால் தள்ளும் சிறிய இயந்திரத்தில் கத்தி தண்டிலேயே நேராகப் பூட்டியிருக்கும். பர்கூர் பக்கத்துக் கல் நிலத்தில் தள்ளுவண்டி ஓட்டுபவர்கள், கல்லில் அடித்தபின் கிளம்பவில்லை என்றால் முதலில் இதையே பார்க்கலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றுவிடுகிறது

எப்படி நின்றது என்பதை நினைவுபடுத்துங்கள். பேச்சை வெட்டியதுபோல் சட்டென்று நின்றால் மின்சாரப் பக்கம். திணறி, இழுத்து, மூச்சு வாங்கி அடங்கினால் பெட்ரோல் பக்கம்.

திணறி நிற்கும் வண்டியில் முதலில் டாங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். மூடியில் காற்று நுழையும் சிறு துளை இருக்கும். அது செம்மண்ணால் அடைந்தால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கால் மணி நேர ஓட்டத்தில் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். சிறிது நேரம் ஆறவிட்டால் தானாகக் காற்று நுழைந்து மறுபடி ஓடும். அதனால்தான் பலர் "சூட்டில் நிற்கிறது" என்று தவறாக நினைக்கிறார்கள். மூடியைத் தளர்த்தியதும் காற்று உறிஞ்சும் ஓசை கேட்டால் விடை கிடைத்துவிட்டது.

சட்டென்று நின்று, ஆறிய பிறகே மறுபடி கிளம்பும் வண்டியில் காயில் சூட்டில் பழுதாகிறது என்று சந்தேகிக்கலாம். நின்ற உடனேயே, சூடு ஆறும் முன் பொறியைச் சோதிக்கவேண்டும். ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மட்டும் வெட்டி வெட்டி ஓடினால் இருக்கை ஸ்விட்சின் இணைப்பு தளர்ந்திருக்கிறது.

வேகம் ஏறி இறங்கி ஊஞ்சலாடுகிறது

காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. காற்று வரும் வழியைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள், ஆட்டம் அடங்கினால் இதுவேதான். பைலட் ஜெட் அடைப்பு, அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு. எத்தனால் கூடிய பெட்ரோலில் கலவை இன்னும் கொஞ்சம் மெலியும் என்பதால், முன்பு தெரியாமல் இருந்த சிறு அடைப்புகூட இப்போது ஆட்டமாக வெளிப்படும். கவர்னரைத் திருகிச் சரிசெய்ய முயலாதீர்கள், அது நோயை மறைக்கும்.

புகை

கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. சோக் முழுதாகத் திறக்கவில்லை, அல்லது ஏர் ஃபில்டர் அடைந்துவிட்டது. காகித ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவக்கூடாது, காற்றழுத்தத்தாலும் அடிக்கக்கூடாது, கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். தரையில் மெதுவாகத் தட்டுங்கள். தூசி போகவில்லை என்றால் மாற்றுங்கள். மேலே உள்ள ஸ்பான்ஞ் உறையை மட்டும் சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்தலாம். கிரானைட் குவாரிச் சாலையை ஒட்டிய தோப்புகளில் தூசி கடுமை. கையேடு சொல்லும் மணிக்கணக்கை நம்பாமல் ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் ஃபில்டரைத் திறந்து பார்ப்பதே நல்லது.

நீலம் கலந்த வெள்ளைப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இந்த எஞ்சினில் ரேடியேட்டர் தண்ணீர் கிடையாது, ஆகவே காரில் சொல்வதுபோல் "தண்ணீர் புகுந்துவிட்டது" என்ற பேச்சுக்கு இடமில்லை. பயப்படும் முன் ஆயில் அளவுக் குச்சியைப் பாருங்கள். அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலே இப்படிப் புகையும். கத்தியைக் கழற்ற வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்திருந்தாலும் முதல் சில நிமிடங்கள் புகைந்து அடங்கும். அளவு சரியாக இருந்தும் தொடர்ந்து புகைந்து, எஞ்சினின் மூச்சுக்குழாய் (உள் அழுத்தம் வெளியேறும் குழாய்) வழியாக ஆயில் கக்கினால் ஹெட் கேஸ்கெட் உள்பக்கமாக வெடித்திருக்கலாம். அதுவும் இல்லை என்றால்தான் பிஸ்டன் ரிங். இந்த வரிசையை மாற்றி, முதலிலேயே "ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கவேண்டும்" என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

குச்சியில் ஆயிலின் அளவு ஊற்றியதைவிடக் கூடியிருக்கிறதா? முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் ஃப்ளோட் ஊசி மூடாமல், நிறுத்திய வண்டியிலிருந்து பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. பிளக் துளையில் பெட்ரோல் பீய்ச்சுவதும் இதனால்தான். இந்த நிலையில் ஒரு நிமிடம்கூட எஞ்சினை ஓட்டாதீர்கள். நீர்த்துப்போன ஆயிலால் பேரிங்குகளைக் காக்க முடியாது. ஆயிலை முழுதாக வடித்து, ஊசியையும் அதன் இருக்கையையும் மாற்றி, புது ஆயில் ஊற்றிய பிறகே சாவி. இனிமேல் வேலை முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடும் பழக்கம் வரட்டும். குழாயே இல்லாத வண்டி என்றால் ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

இழுவை இல்லை, சூடாகிறது

புல்லுக்குள் நுழைந்ததும் எஞ்சின் அமுங்கினால், முதலில் அது எஞ்சின் கோளாறுதானா என்று பாருங்கள். மழுங்கிய கத்தி, கத்தித் தட்டின் அடியில் காய்ந்து ஒட்டிய புல், தேய்ந்த பெல்ட் எல்லாமே எஞ்சின்மீது பழியைப் போடும். கோடை மழைக்குப் பின் வளர்ந்த ஈரப்புல்லை ஒரே வெட்டில் தரைமட்டமாக்க எந்த வண்டியாலும் முடியாது. தட்டை உயர்த்தி ஒரு முறை, இறக்கி ஒரு முறை வெட்டவேண்டும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைக்காரர்கள் ஒன்றைக் கணக்கில் வைக்கவேண்டும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் இத்தகைய எஞ்சினின் திறன் ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். எனவே தருமபுரியில் ஓடிய வண்டி அங்கே போனால் கொஞ்சம் மந்தமாகத் தெரிவது பழுதல்ல.

சூடுதான் உண்மையான எதிரி. மேக்னட்டின் மேல் உள்ள விசிறி காற்றை இழுத்துச் சிலிண்டரின் செதில்களுக்கு இடையே தள்ளுகிறது. மேல் சல்லடையைத் துடைத்துவிட்டுச் சுத்தம் செய்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அடைப்பு இருப்பது அதன் கீழே, தகரக் கூட்டுக்கு உள்ளே. காய்ந்த புல்லும் செம்மண்ணும் ஆயில் கசிவும் சேர்ந்து செதில்களுக்கு நடுவே மூடிக் கிடக்கும். எலிக்கூடும் அங்கேதான் இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது போல்ட்டுகளைக் கழற்றிக் கூட்டைத் தூக்கி, மரக்குச்சியாலும் தூரிகையாலும் சுத்தம் செய்யுங்கள். சூடான எஞ்சின்மீது தண்ணீர் பீய்ச்சக்கூடாது. வெட்டும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக வைத்தே ஓட்டவேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று குறைத்து வைத்தால் விசிறியும் மெதுவாகச் சுழலும், கத்தியும் புல்லைக் கிழிக்கும், எஞ்சினும் வேகும்.

ஆயிலை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். நம் வெயிலுக்கு எஸ்ஏஇ 30 பொருத்தம். தூசி நிலத்தில் இன்னும் சீக்கிரம் மாற்றினால் நல்லது.

உலோகச் சத்தம்

உள்ளிருந்து "டங் டங்" என்று அடித்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஆயில் பார்க்கலாம், எஞ்சினை ஏந்திப் பிடிக்கும் போல்ட்டுகளும் கத்தியின் போல்ட்டும் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கலாம். அவை சரியாக இருந்தும் சத்தம் வந்தால் பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடாக இருக்கலாம். இதற்குமேல் ஓட்டினால் அது உடைந்து எஞ்சின் கூட்டையே துளைத்துவிடும். இங்கே வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை.

நிறுத்திவைக்கும்போது

வடகிழக்கு மழை ஓய்ந்து, புல் வளர்ச்சி நின்றதும் டாங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மீந்தது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். பழைய ஆயிலை மாற்றியே நிறுத்துங்கள், அதிலுள்ள அமிலம் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கவேண்டாம். பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றி, மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றுங்கள். எலி நுழையாதபடி சைலன்சர் வாயையும் காற்றுச் சல்லடையையும் துணியால் மூடி, கிளப்பும் முன் அந்தத் துணியை எடுக்க நினைவூட்டும்படி ஸ்டியரிங்கில் ஒரு சீட்டுக் கட்டுங்கள்.

உதிரிப் பாகம் வாங்கவேண்டிய நிலை வந்துவிட்டால், வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே பெயருள்ள வண்டியில் ஆண்டுக்கு ஆண்டு வேறு எஞ்சின் வரும். ப்ரிக்ஸ் எஞ்சினின் தகரக் கூட்டிலோ வால்வு மூடியிலோ மாடல், டைப், கோடு என்று மூன்று வரிசை எண்கள் அச்சடித்திருக்கும், கோலரில் மாடல், ஸ்பெக், சீரியல் எண்கள் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருக்கும். துணியால் துடைத்துப் படம் எடுத்து, பழைய பாகத்தையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். பணம் கொடுக்கும் முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துளைக்குத் துளை ஒப்பிட்டுப் பாருங்கள்.